சால்வை வேண்டாம், கயிறு போதும்

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
சனிக்கிழமை, மத்தியானம்

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாதாவின் தயவில் நடமாட்டத்தோடு இருக்கிறோம், எனக்குச் சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, அப்பாவுக்கு மழை வருமுன்னே முழங்கால் சொல்லிவிடுகிறது, மற்றபடி சோறு இறங்குகிறது தூக்கம் வருகிறது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்றே தள்ளி வைக்கிறேன். மரியான் அண்ணன் மகன் கிளைட்டன் படிப்புக்காக உங்கள் ஊருக்கே வருகிறான், அவன் பெட்டியில் இடம் கேட்டு வாங்கி மக்ரூன் ஒரு டப்பா, நெத்திலிக் கருவாடு, நீ கேட்ட ரசப்பொடி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், கருவாட்டைக் கவருக்கு மேல் கவர் போட்டுச் சுற்றியிருக்கிறேன், வாடை வந்தால் அவனைத் திட்டாதே, என்னைத் திட்டு. இந்தக் கடிதமும் அதோடுதான் வருகிறது.

தினம் வீடியோவில் முகம் பார்க்கிற அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய், நடுவில் சின்னவன் கத்துகிறான், நான் வாயைத் திறக்குமுன் உனக்கு டூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், எனக்கு எழுத்து வந்தது செபப் புத்தகத்தைப் பார்த்து எழுதி எழுதி, அப்புறம் வீட்டுக் கணக்கு எழுதி எழுதி, அதனால் எனக்கு வாய் இருப்பது பேனாவில்தான். போன வியாழக்கிழமை நீ பேசினாயே, அம்மா வயசான காலத்துல எதுக்கும்மா ஊர் வம்பு, அப்பாவ முன்னால உக்கார வச்சு சால்வை போடுதோம்னு சொல்லுதாங்க, சந்தோசமா வாங்கிக்கிட வேண்டியதுதானே என்று. அன்றைக்கு நான் சரி சரி என்று சொல்லி போனை வைத்தேன். அந்தச் சரியை இந்தக் கடிதத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நான் சரி என்று சொல்லவில்லை என்று வைத்துக்கொள்.

உனக்கு போன் போட்டவர் விஜயராஜ் சார்தான் என்று எனக்குத் தெரியும், அவர் சொன்னதை மட்டும் கேட்டு நீ தீர்ப்பு எழுதிவிட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். அறுபது தாண்டினவர்களுக்குப் பாட்டு, படம் வரைவது, நாடகம் என்று சொல்லிக் கொடுக்க நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்தில் போன வருசம் ஒரு கலைக்கூடம் ஆரம்பித்தார்களே, அதற்கு அவர்தான் செயலாளர். வரவு எழுதாமல் செலவு மட்டும் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை, அதனால் அவருடைய நல்லதை முதலில் எழுதுகிறேன். பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டில் ஏசி போட்டுப் படுத்திருக்கலாம், அதை விட்டுவிட்டு எங்களுக்காக அலைகிறார், மைக் வாங்கினார், பானுப்ரியா என்று ஒரு நல்ல பாட்டு டீச்சரைப் பிடித்துக் கொண்டுவந்தார், ஏலக்காய் போட்டு டீ தருகிறார். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் அவருக்கு முதியோர் என்றால் நாலு மைல் நடந்துவிட்டு வந்து சட்டை கசங்காமல் உட்காருகிற அவரைப் போன்ற முதியோர்தான். கண் மங்கினது, காது அடைத்தது, கால் வராதது, கை நடுங்குவது எல்லாம் அவர் கணக்கில் முதியோர் இல்லை, ஆஸ்பத்திரிக் கேஸ்.

வகுப்பை முதலில் மாடியில்தான் வைத்தார். எதிர் வீட்டு தேவகனி என்னோடு சேர்ந்து பேர் கொடுத்தாள், நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கடையில் உனக்குக் கருப்பட்டி மிட்டாய் சும்மா தருவாளே, அவளேதான். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இப்போதுதான் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது, ஆனால் இரண்டு முழங்காலும் போய்விட்டது, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். உங்க வேதக்காரப் பாட்டா இருந்தாலும் பரவால்லைக்கா, இங்கன இருந்தே கேட்டுக்கிடுதேன் என்று சொல்லி, செருப்பு விடுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, மேலே நாங்கள் பாடுவதைக் கீழே இருந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். நம் கோவில் வேதப் பாட்டும் இல்லை ஒன்றும் இல்லை, அன்றைக்கு நாங்கள் பாடினது ஏற்றப்பாட்டு. எனக்கு மனசு கேட்கவில்லை. கீழேதான் பந்தி நடக்கிற ஹால் காலியாகக் கிடக்கிறதே, அங்கே வைக்கலாமே என்று சாரிடம் கேட்டேன். அங்கன சாம்பார் வாடை அடிக்கும் அம்மா, கலைக்கு ஒரு சூழல் வேணும்லா என்றார். தேவகனி செருப்புகளுக்கு நடுவிலிருந்து, அண்ணாச்சி, எனக்கு இங்கன என்ன வாடை அடிக்குன்னு வந்து மோந்து பாருங்க என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சாரும் சிரித்தார், அடுத்த வாரம் வகுப்பு கீழே வந்தது. நீ வம்பு என்று சொல்லுகிறது இதைத்தான்.

அப்புறம் பாட்டுத் தாள். டீச்சர் போனில் அனுப்பிய எழுத்து கடுகு போல் இருந்தது, பாதிப் பேருக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. மாதக் காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தில் கரிக்கட்டியால் பெரிசு பெரிசாக எழுதிச் சுவரில் ஒட்டினேன், அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, டீச்சருக்குச் சந்தோசம். இந்த மாதிரி ஒவ்வொன்றாய்ச் சரி பண்ணிக்கொண்டே வந்தபோதுதான் எனக்கே உறைத்தது, ஊராருக்கெல்லாம் பார்த்தேன், என் வீட்டு மனுசன் வகுப்புக்குக் கன்றுக்குட்டி போல் என் பின்னால் வருகிறாரே தவிர அவருக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அப்பா காது உனக்குத் தெரிந்ததுதான், சங்கு குளிக்கப் போன காலத்தில் ஆழத்தில் செவிப்பறை கிழிந்தது, ஒரு காது அன்றே போனது, மறு காது வரவர. நீ அனுப்பிய காதுக் கருவியைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதைப் போட்டால் மிக்ஸி கேட்கிறதாம், காக்கா கேட்கிறதாம், நான் பேசுவது மட்டும் கேட்கவில்லையாம், அதில் அவருக்கு ஒரு சந்தோசம் வேறு. பாட்டில் டப் டப்பென்று என்னவோ அடிக்குதே தவிர ஆள் குரல் வரலை என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். ஆனால் பாட வேண்டும் என்று அவருக்கு இருக்கிற ஆசை, அதை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் வாயை மூடின பிறகு இவர் ஒரு வரி பின்னால் வந்து, தோணியில் இருந்து கரைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஓங்கிப் பாடுவார். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அது கேட்காது, ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு அடுத்த வரியில் குரலைக் குறைப்பார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு ஆட்களைப் பிரிக்கும்போது சார் பெயர்களைப் படித்தார். மேடையில் நின்று பாடுகிறவர்கள் இத்தனை பேர், மற்றவர்கள் முன் வரிசையில் மரியாதைக்குரியவர்கள், அவர்களுக்குச் சால்வை. தேவகனி மரியாதைக்குரியவள், அப்பா மரியாதைக்குரியவர், நான் மேடை. வீடியோ எடுக்கிறார்கள், வெளியூரிலிருந்து பணம் கொடுக்கிறவர்கள் வருகிறார்கள், அண்ணாச்சி பிந்திப் பிந்திப் பாடினா மொத்தமும் கெட்டுப்போகும்மா, அவருக்குந்தானே சங்கடம் என்று என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். தேவகனியைப் பற்றி, மேடையில ஏறயில விழுந்தா யாரு பதில் சொல்லுதது என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏளா ஏஞ்சல், இதை யோசித்துப் பார். நீ வேலை பார்க்கிற ஹோமில் சக்கர நாற்காலியில் இருக்கிற வெள்ளைக்காரப் பாட்டிமார் கையில் கிலுக்கைக் கொடுத்து நீ பாட வைக்கிற படத்தை அனுப்பினாய், நான் அதைத் தெரு முழுக்கக் காட்டினேன். ஒரு காது கேளாத தாத்தா மட்டும் பாட்டு நேரத்தில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார், அவரை என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று அன்றைக்கு நீ வருத்தப்பட்டாய். யாரைப் பெற்ற தகப்பனுக்கோ வருத்தப்படத் தெரிந்த உனக்கு, உன்னைப் பெற்ற தகப்பன் என்றால் சால்வை போதும் என்று எப்படிச் சொல்ல வந்தது? சால்வை என்பது வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வதற்குக் கொடுக்கிற கூலி.

போன மாதம் பூசையில் வாசித்தார்கள், திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்தவர்களுக்கு வாசலில் இடம் கிடைக்கவில்லை, கூரையைப் பிரித்துக் கயிறு கட்டி உள்ளே இறக்கிவிட்டார்கள். அவனை வெளியே உட்கார வைத்துச் சால்வை போடவில்லை. பிரித்த கூரைக்கு வீட்டுக்காரன் காசு கேட்டான் என்றும் எழுதியிருக்கவில்லை. அந்த வாசகம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கொடிக்கயிறு தொய்ந்துவிட்டது என்று அப்பா அந்தப் பக்கத் தூணில் கட்டினார், நான் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன். நான் லேசாகச் சுண்டினால் அவர் தளர்த்துகிறார், அழுத்திப் பிடித்தால் இறுக்குகிறார், ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த மனுசனுக்குக் காது கேட்க வேண்டாம், கயிறு கேட்டால் போதுமே, தண்ணீருக்கடியில் இத்தனை வருசம் எந்தக் காதை வைத்துக்கொண்டா மேலே இருக்கிறவன் சொன்னதைக் கேட்டார் என்று எனக்கு அப்போதுதான் தட்டியது. பரணிலிருந்து அவருடைய பழைய கயிற்றை எடுத்து வந்து ஒரு நுனியை அவர் கையில் கொடுத்து, பாட்டு அடி விழுகிற இடத்தில் நான் சுண்டுகிறேன், நீங்கள் அதைப் பிடித்துப் பாடுங்கள் என்று சாடையில் சொன்னேன். மனுசன் கயிற்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். உனக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கும். சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்பில் கட்டின கயிற்றின் மறு நுனியைத் தோணியில் இருக்கிற மச்சான் கையில்தான் கொடுப்பான், அண்ணன் தம்பி கையில் கூடக் கொடுக்கமாட்டான். அண்ணன் தம்பிக்குச் சொத்தில் பங்கு உண்டு, மச்சானுக்குத் தங்கச்சி தாலி மட்டுந்தான், அது அறுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவன் கயிற்றை விடமாட்டான். அதனால் என் அண்ணன், உன் பெரிய மாமாதான், கடைசி வரை அப்பாவுக்குக் கயிறு பிடித்தார். மாமா போன பிறகு அந்தக் கயிறு பரணுக்குப் போனது, வேறு ஒருவர் கையும் அதில் பட்டதில்லை. ஏளா, கயிறு என்ன வெளையாட்டுச் சாமானா, மச்சான் கையில குடுத்த கயித்த வேற கையில குடுக்க மாட்டேன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கழுத்திலிருந்து தாலியை வெளியே எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்துக் கத்தினேன்.

"அண்ணன் பிடிச்சது இதுக்குப் பயந்துதானே? இது என் கழுத்துலதானே கெடக்கு? அப்ப எனக்குல்லா கூடப் பயம் இருக்கும்!"

அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, தாலியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கயிற்றின் நுனியைத் தானே எடுத்து என் கையில் வைத்து என் விரல்களை மூடினார். நாற்பத்தெட்டு வருசத்தில் கல்யாணத்தன்று ஒரு தடவை, இது ஒரு தடவை, அப்படிக் கை பிடித்திருக்கிறார், போதும், பிள்ளையிடம் இதெல்லாம் எழுதக்கூடாது. அடுத்த வகுப்பில் கயிறோடு போனோம். பானுப்ரியா டீச்சர் எங்களோடு சேர்ந்து ஒரு புதுப் பாட்டுக் கட்டியிருந்தாள், கரையில் இருக்கிறவள் ஆழத்தில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, ஆழம் போன மச்சானே அந்தி சாயுது மேல வா, மூச்சு முடியும் முன்னால முகத்தக் காட்டி மேல வா என்று. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கயிறு அவர் இடுப்பில், நுனி என் கையில். பாட்டு ஆரம்பிக்கிற இடத்தில் அவருக்கு நன்றாக உறைக்கட்டும் என்று நான் பலமாக ஒரு இழு இழுத்துவிட்டேன். எனக்கு எங்கே தெரியும், தோணியிலிருந்து பலமாக ஒரு இழு வந்தால் ஆபத்து, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உடனே மேலே ஏறு என்று அர்த்தமாம். மனுசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நெஞ்சு விரிய மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து என்ன ஆச்சு என்று சுற்றிப் பார்க்கிறார். டீ டம்ளர் உருண்டது. ஹாலே சிரித்தது. அவருக்கு வந்த கோபத்தில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். என் கூறுகெட்ட தனத்தால் எல்லாம் போச்சு என்று நான் நின்றேன்.

தேவகனிதான் விடவில்லை. ஏன்க்கா, அண்ணாச்சி எந்திரிச்சது என்ன தப்பு, பாட்டுலயே மேல வா மேல வான்னுதானே கூப்பிடுதோம், அவரு எந்திரிக்க எடத்துல அந்த வரிய வச்சிட்டாப் போச்சு என்றாள். டீச்சர் கையைத் தட்டிக்கொண்டு துள்ளிவிட்டாள். அதன்படி அடிக்கு அடி லேசாகச் சுண்டுவது, மேல வா என்கிற வரிக்கு மட்டும் பலமான இழு, அப்போது அப்பா எழுந்து நிற்பார், நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், முடியாதவர்கள் கையைத் தூக்குவார்கள் என்று வைத்துக்கொண்டோம். அப்பாவைச் சமாதானம் செய்ய ஒரு வாரமும் ஒரு கிலோ நண்டும் செலவானது. அப்புறம் பார், அவர் பிந்தவே இல்லை. அடி தப்பாமல் பாடினார், குரலைக் குறைக்காமல் பாடினார், சிரித்தவர்கள் அவரைப் பார்த்து அடி பிடிக்க ஆரம்பித்தார்கள். இதை சாரிடம் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, ஆனா மனுசர் இடுப்புல கயித்தக் கட்டி மேடையில நிறுத்தினா பாக்கவங்க மாட்டக் கட்டின மாதிரின்னு சொல்ல மாட்டாங்களா, அவரு மரியாதை போயிரும்மா என்றார். நான் சொன்னேன், சார், உங்களுக்கு ஆபீசுல நாற்காலி மரியாதை, இவுகளுக்குக் கடலுக்குள்ள அந்தக் கயிறுதான் மரியாதை, அது இல்லாம எறங்கினவன் கரைக்கு வந்ததில்ல. அவர் ஒத்துக்கொள்ளவில்லை, பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது, மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு உனக்கு போன் போட்டார். நீ எனக்கு போன் போட்டாய். இதுதான் நடந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை விழா. அப்பா சால்வை வாங்கப் போவதில்லை, பாடப் போகிறார். எப்படி என்று எனக்கே இன்னும் தெரியாது, ஆனால் முன் வரிசை என்று அவர்கள் கொடுத்த இடத்தைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உலையில் அரிசி கொதிக்கிறது, குசினிக்குப் போய்விட்டு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை, விழா முடிந்து இரண்டாம் நாள். கிளைட்டனுக்கு விசா பேப்பர் தாமதமாகி பயணம் தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் மேசையிலேயே கிடந்தது, நல்லதாய்ப் போயிற்று, மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். விழாவன்று நான் மேடைக்கு ஏறவில்லை. முன் வரிசையில் அப்பாவுக்கும் தேவகனிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். சார் வந்து, உங்க இடம் மேல அம்மா என்றார். எனக்கும் வயசாயிட்டு சார், மரியாதை வேணும்னு தோணுது என்றேன். சால்வை போட்டார்கள். தேவகனி வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா தன் சால்வையை விரித்துப் பார்த்தார், ஜரிகையைத் தடவினார், அப்புறம் அதை நீளமாக மடித்து இடுப்பில் சுற்றி அதன் மேல் கயிற்றைக் கட்டினார், தோல் உரசாமல் இருக்கக் குளிக்கிறவர்கள் அப்படித்தான் துணி வைத்துக் கட்டுவார்களாம். போட்டவருக்கு முகம் எப்படியோ போனது. மேடையில் அந்த மேல வா பாட்டு ஆரம்பிக்கப்போகிற நேரம், பேசி வைத்தபடி நாங்கள் முன் வரிசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து நாற்காலிகளைத் திருப்பிப் போட்டோம், மேடைக்கு முதுகு, சனங்களுக்கு முகம். முன் வரிசை என்று கொடுத்துவிட்டார்கள், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அச்சடிக்கவில்லையே. சார் வேகமாக எங்கள் பக்கம் வந்தார், அதற்குள் பானுப்ரியா டீச்சர் மேடையை விட்டுக் கீழே இறங்கி, மேலே இருப்பவர்களுக்கும் எங்களுக்கும் தெரிகிற மாதிரி ஓரத்தில் நின்று கையைத் தூக்கிவிட்டாள். சார் பாதியில் நின்றுவிட்டார், பிறகு ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்தார்.

இனி உண்மையை எழுத வேண்டும். நாற்காலியைத் திருப்பின பிறகுதான் நான் முன்னால் பார்த்தேன். பிறந்ததிலிருந்து கோவிலில் பீடத்தைப் பார்த்தே உட்கார்ந்து பழகினவள், அடுப்பைப் பார்த்தே நின்று பழகினவள், இத்தனை முகங்கள் என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்லை. கை கயிற்றைச் சுண்டிக்கொண்டிருந்தது, வாயில் ஒன்றும் வரவில்லை. மேல வா என்கிற வரி வந்தது, நான் பலமாக இழுக்க வேண்டும், கையும் நின்றுவிட்டது. எல்லாரும் பாடி முடித்தார்கள், மேடையில் இருந்தவர்கள் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கிறார்கள், அப்பா கயிறு வருமென்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அப்போது கயிறு இழுபட்டது. என் பக்கத்திலிருந்து இல்லை, அவர் பக்கத்திலிருந்து. திரும்பினால் மனுசன் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், என்ன ஆச்சு, மேல வா என்று. நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்ததைப் பார்த்து அவர் எழுந்து, எல்லாரும் வாயை மூடின பிறகு, ஒரு வரி பின்னால், தன்னந்தனியாக, கரைக்குக் கேட்கிற குரலில் மேல வா என்று பாடினார். தேவகனி சால்வையோடு கையைத் தூக்கி அதைத் திரும்பப் பாடினாள், அப்புறம் மேடையில் இருந்தவர்கள், அப்புறம் கீழே இருந்தவர்களும். வீடியோ உனக்கு வரும், பார்க்கிறபோது அப்பா பிந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. பிந்தினது நான்.

விழா முடிந்ததும் சார் வந்து நாற்காலி இழுத்ததில் டைல்ஸில் கீறல் விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். நேற்று வீட்டுக்கு வந்தார். அடுத்த விழாவுக்குக் கயிறு கொஞ்சம் வெள்ளையா, புதுசா இருந்தா வீடியோவுல எடுப்பா இருக்கும்லா என்று கேட்டார். அடுத்த விழா என்று அவர் வாயில் வந்ததே எனக்குப் போதும், கயிறு மாறாது என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பினேன். இன்னொரு காரியம், அன்றைக்கு வாசலில் ஒரு அம்மா என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள், பக்கவாதம் வந்து பேச்சுப் போனவள், மகள்தான் பேசினாள், அம்மாவால வார்த்த சொல்ல முடியாது, ராகம் மட்டும் வரும், இங்கன சேத்துக்கிடுவீங்களா என்று. வரச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு என்ன கயிறு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ நர்ஸ், உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது, என்னை அடங்கச் சொல்லி மட்டும் எழுதாதே. சார் இன்னொரு தடவை உனக்கு போன் போட்டால், அம்மா சொல்வதைக் கேளுங்கள் சார் என்று ஒரு வார்த்தை சொல், மகள் என்று நான் உன்னைப் பெற்றதற்கு அது செய்தால் போதும்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, சின்னவனுக்கு இரவில் செபம் சொல்லிக் கொடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பனிமய மாதா உன் வீட்டையும் உன் கைப்பட்டுப் பிழைக்கிற வயசானவர்களையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. ஒன்று மட்டும் மறக்காதே, மக்ரூன் டப்பாவைச் சுற்றிக் கட்டியிருக்கிற கயிற்றைக் கத்தரிக்கோல் போட்டு வெட்டிவிடாதே, முடிச்சை நிதானமாக அவிழ்த்து எடு. அது அப்பாவுடைய கயிற்றின் ஒரு துண்டு, அவரே நறுக்கிக் கட்டினார். ஜன்னலைப் பார்த்து உட்காருகிறாரே அந்தத் தாத்தா, அவர் கையில் ஒரு நுனியைக் கொடு, மறு நுனியை நீ பிடித்துக்கொள். முதலில் லேசாகச் சுண்டு, பலமாக இழுத்துவிடாதே.

இப்படிக்கு,
அடங்காத உன் அம்மா,
ஜே. பிலோமி